கேள்வி கேட்ட மரியாளும் கேள்வி கேட்ட சகரியாவும்

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று கடந்த மாதம் தெரிந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் இரண்டாவது கீமோ. வீட்டுக்கு வந்த ஜெபக்குழுவினர், "மரியாளைப் போல ஆம் ஆண்டவரே என்று சொல்லிவிடுங்கள், கேள்வி கேட்காதீர்கள், கேள்வி கேட்ட சகரியா ஊமையானான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மரியாளும் கேள்விதானே கேட்டாள், அவளுக்கு மட்டும் ஏன் தண்டனை இல்லை என்பது நீங்கள் எழுத்தில் கேட்டது. அதற்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: மனம் ஒப்பாதபோது தேவனுக்கு ஆம் என்று சொல்ல முடியுமா, சொல்லாமல் போனால் அதற்கு உங்கள் மனைவி விலை கொடுக்க நேருமா? உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே இதற்கு முதலில் பதில் சொல்கிறேன். நேராது. பிறவிக் குருடனைக் காட்டி "இவன் பாவம் செய்தானா, இவனைப் பெற்றவர்கள் செய்தார்களா" என்று சீடர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் அது தெளிவாகவே இருக்கிறது. உங்கள் தயக்கத்தால் உங்கள் மனைவியின் நோய் கூடும் என்று சொல்ல வேதாகமத்தில் யாருக்கும் இடமில்லை.

வேதியர்கள் எனப்படும் உபதேசியார்களுக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் புதிய ஏற்பாட்டையும் அதன் கிரேக்க மொழியையும் முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். நான் குருவானவர் இல்லை, மருத்துவரும் இல்லை. லூக்கா எழுதியதை வரி வரியாகப் படிக்கத் தெரியும். அந்த அளவுக்குள் நின்று பேசுகிறேன். நான் கத்தோலிக்கன். ஆனால் நீங்கள் பழைய திருப்புதலின், அதாவது சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய தமிழ் வேதாகமத்தின், சொற்களில் எழுதியிருப்பதால் நானும் பெரும்பாலும் அவற்றையே பயன்படுத்துகிறேன்.

லூக்கா முதல் அதிகாரத்தில் இரண்டு காட்சிகளையும் வேண்டுமென்றே அடுத்தடுத்து வைக்கிறார். சகரியா அபியா வகுப்பைச் சேர்ந்த ஆசாரியன். ஆசாரியர்கள் இருபத்துநான்கு வகுப்பினர். தூபம் காட்டுகிறவரைச் சீட்டுப் போட்டுத்தான் தெரிந்தெடுப்பார்கள். ஒருமுறை தூபம் காட்டியவர் மறுபடி அந்தச் சீட்டில் சேர முடியாது என்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா குறிப்பிடுகிறது. அதாவது, வாழ்நாளில் ஒரே ஒரு முறை கிடைக்கும் அந்த நேரத்தில், தேவாலயத்துக்குள், தூபபீடத்தின் வலதுபக்கத்தில் தூதன் நிற்கிறான். "உன் வேண்டுதல் கேட்கப்பட்டது" என்கிறான்; முதிர்வயதான அவருக்கும் மனைவி எலிசபெத்துக்கும் ஒரு மகன் பிறப்பான் என்று அறிவிக்கிறான். சகரியா, "இதை நான் எதினால் அறிவேன்?" என்று கேட்கிறார். ஆறு மாதம் கழித்து, கலிலேயாவில் ஒரு சிற்றூரில், எந்தப் பதவியும் இல்லாத மரியாள் என்ற கன்னிப் பெண்ணிடம் அதே தூதன் வந்து, நீ ஒரு குமாரனைப் பெறுவாய் என்கிறான். அவள், "இது எப்படியாகும்?" என்கிறாள்.

பிரசங்கங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்: சகரியா ஆதாரம் கேட்டார், மரியாள் வழிமுறை கேட்டாள், முன்னது அவிசுவாசம், பின்னது விசுவாசம். பல ஆண்டுகள் நானும் இதைத்தான் கற்பித்தேன். ஒரு நாள் வகுப்பில் பின்வரிசையில் இருந்த ஒரு வேதியர் எழுந்து, "அப்படியானால் ஆபிரகாம்?" என்று கேட்டார். ஆதியாகமம் பதினைந்தாம் அதிகாரம் எட்டாம் வசனத்தில், தேசத்தைச் சுதந்தரிப்பேன் என்பதை எதினால் அறிவேன் என்று ஆபிரகாமும் கேட்கிறார். பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் ஆபிரகாமின் வாயில் இருக்கும் சொற்களைத்தான் லூக்கா சகரியாவின் வாயில் வைத்திருக்கிறார்: 'கத்தா தி க்னோசொமாய்'. எழுத்துக்கு எழுத்து அதேதான். ஆபிரகாம் ஊமையாகவில்லை. அவரோடு உடன்படிக்கை செய்யப்பட்டது. கிதியோன் ஆட்டுத்தோலை விரித்து ஒருமுறை அடையாளம் கேட்டு, ஈரத்தையும் உலர்வையும் மாற்றி மறுமுறையும் கேட்டார். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றோடு அந்த எளிய விளக்கத்தைக் கற்பிப்பதை நிறுத்திவிட்டேன்.

பிறகு எதை நிச்சயமாகச் சொல்ல முடியும்? சகரியா 'என் வார்த்தைகளை விசுவாசிக்கவில்லை' என்று தூதன் சொல்கிறான். மரியாளை 'விசுவாசித்தவளே பாக்கியவதி' என்று எலிசபெத்து வாழ்த்துகிறாள். இந்த இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த வேறுபாடு அவர்கள் கேட்ட வாக்கியத்தில்தான் இருக்கிறது என்று லூக்கா எங்கும் எழுதவில்லை. அது மனத்துக்குள் இருந்தது. தூதனுக்குத் தெரிந்தது, வாசிக்கிற நமக்கு வெளியிலிருந்து தெரியாது. பழங்கால உரைகாரர்கள் முதல் சொல்லிவரும் ஒரு விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது: சகரியாவுக்கு முன்மாதிரி இருந்தது. ஆபிரகாம்–சாராள், எல்க்கானா–அன்னாள் என்று முதுமையிலும் மலட்டுத்தன்மையிலும் பிள்ளை பெற்றவர்களின் கதைகளைப் படித்து வளர்ந்த ஆசாரியன் அவர். தானே அதற்காக வேண்டியும் இருந்தார். மரியாளுக்குச் சொல்லப்பட்டதற்கு முன்மாதிரி எதுவும் இல்லை. ஆனால் இது ஊகம்தான், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே உங்கள் ஜெபக்குழுவினர் கவனிக்காத ஒன்று உண்டு. தூதனைக் கண்ட சகரியா 'கலங்கினான்' என்று எழுதும்போது லூக்கா ஒரு கிரேக்க வினையைப் பயன்படுத்துகிறார். மரியாள் 'கலங்கினாள்' என்று எழுதும்போது அதே வினைக்கு ஒரு முன்னொட்டைச் சேர்த்து அதை வலுப்படுத்துகிறார்: அடியோடு கலங்கினாள், மிகவும் கலங்கினாள். அதாவது அதிகமாகக் கலங்கியவள் மரியாள்தான். கலக்கம், சிந்தனை, கேள்வி, அதற்கு ஒரு பதில், அதன் பிறகே சம்மதம் என்ற வரிசையில்தான் அந்த உரையாடல் நகர்கிறது. முதல் மூன்றையும் வெட்டிவிட்டுக் கடைசியை மட்டும் உங்களிடம் கேட்பது மரியாளைப் பின்பற்றச் சொல்வதாகாது. தேவனே அவளுடைய கேள்விக்குப் பதில் தந்த பிறகுதான் அவளுடைய பதிலுக்குக் காத்திருந்தார். மனித அவதாரத்துக்கு முன்பு அந்தத் தாயின் சம்மதம் இருக்க வேண்டும் என்று பிதா விரும்பினார் என 1964இல் கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச் சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதியது. 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்தின் தலைவர் பெர்நார்து, ஆதாமும் ஆபிரகாமும் உலகம் முழுவதும் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நிற்பதாகப் பிரசங்கித்தார். அவள் மறுத்திருக்க முடியுமா என்பதில் இறையியலாளர்கள் இன்றும் வேறுபடுகிறார்கள். என் கருத்தைக் கேட்டால், அச்சுறுத்திப் பெறுவதற்குச் சம்மதம் என்று பெயரில்லை. 'கேட்டால் ஊமையாவாய்' என்ற மிரட்டலோடு உங்களிடம் கேட்கப்பட்ட ஆம், தேவன் கேட்கிற ஆம் இல்லை.

அவள் சொன்ன சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம். "உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" என்பது பழைய மொழிபெயர்ப்பு. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் "நிகழட்டும்". தமிழ்க் காதில் முதலாவது விதிபோலவும், இரண்டாவது 'சரி, நடக்கிறது நடக்கட்டும்' என்று கைவிடுவதுபோலவும் ஒலிக்கக்கூடும். மூலத்தில் இருக்கும் சொல் 'கெனொயித்தோ'. ஆசையையும் வேண்டுதலையும் சொல்வதற்கென்றே கிரேக்கத்தில் ஒரு வினைவடிவம் இருந்தது. லூக்காவின் காலத்துப் பேச்சில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதைத் தேடி எடுத்து இங்கே வைத்திருக்கிறார். நம் இலக்கணத்தில் இதற்கு நேரான ஒன்று உண்டு: வியங்கோள். வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்ற நான்கு பொருளிலும் வரும் 'வாழ்க', 'வருக' என்ற வடிவம். அந்த நான்கில் வேண்டல் பொருளில் 'எனக்கு அப்படியே ஆகுக' என்று அவள் சொன்னதாக எண்ணிப் பாருங்கள். தலையில் விழுந்ததைச் சகித்துக்கொள்ளும் குரலா அது? விரும்பிக் கையேந்தும் குரல்.

எதை விரும்பினாள் என்பது இன்னும் முக்கியம். அவளிடம் அறிவிக்கப்பட்டது ஒரு பிறப்பு. ஒரு நோயோ மரணமோ அவள்முன் வைக்கப்பட்டு 'இதற்குச் சம்மதம் சொல்' என்று கேட்கப்படவில்லை. ஆபத்து இருந்தது, மறுக்கவில்லை. ஒருவனுக்கு மணம் நியமிக்கப்பட்ட பெண் வேறொருவரால் கருவுற்றாள் என்றால் உபாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் அதற்குத் தண்டனை கல்லெறி. ஆனாலும் அவள் ஆம் சொன்னது தேவனுக்கும் அவருடைய வாக்குறுதிக்கும். உங்கள் மனைவியின் மார்பில் வந்த கட்டிக்கு நீங்கள் ஆம் சொல்ல வேண்டியதில்லை. அது வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம், சொல்ல வேண்டும், அதற்குத்தான் கீமோ. கெத்செமனேயில் இயேசுவும் முதலில் "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்" என்று கேட்டார். அதன் பிறகுதான் "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" வருகிறது. மரியாள் சொன்ன அதே 'ஆகக்கடவது'தான் பழைய திருப்புதலில் அங்கும் நிற்கிறது. கேட்டது அவருடைய ஆமுக்குக் குறை வைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் நாட்களில் எல்லா ஆலயங்களிலும் வாசிக்கப்படுகிற, ஆனால் அதன் சூழ்நிலையோடு யாரும் வாசிக்காத ஒரு பகுதி இருக்கிறது. 'இதோ, ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி ஒரு குமாரனைப் பெறுவாள்' என்ற ஏசாயா 7:14. அந்த வசனம் யாரிடம் சொல்லப்பட்டது? யூதாவின் ராஜாவாகிய ஆகாஸிடம். கி.மு. 735ஐ ஒட்டிய ஆண்டுகள். சீரியாவும் வட இஸ்ரவேலும் சேர்ந்து எருசலேமின்மேல் படையெடுத்து வருகின்றன. ராஜாவின் இருதயமும் ஜனத்தின் இருதயமும் காட்டு மரங்கள் காற்றில் அசைவதுபோல் அசைந்தன என்கிறது வேதம். ஏசாயா அவனிடம், "நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்" என்கிறார். எபிரேயத்தில் விசுவாசிப்பது, நிலைபெறுவது இரண்டும் ஒரே வேரிலிருந்து வருபவை. ஜெபத்தின் முடிவில் நாம் சொல்லும் 'ஆமென்' பிறந்ததும் அதே வேரில்தான். பிறகு தேவனே முன்வந்து, ஓர் அடையாளத்தைக் கேள், ஆழத்திலிருந்தாவது உயரத்திலிருந்தாவது கேள் என்கிறார். அப்போது ஆகாஸ், "நான் கேட்கமாட்டேன், நான் கர்த்தரைப் பரீட்சை செய்யமாட்டேன்" என்று பதில் சொல்கிறான்.

எவ்வளவு பக்தியான வார்த்தை! கேள்வியே கேட்காத விசுவாசி! ஏசாயா அவன்மேல் கோபப்படுகிறார். ஏனென்றால் அவன் கேட்க மறுத்தது தேவனை நம்பி அல்ல, அசீரிய ராஜாவை நம்பி. திகிலாத்பிலேசருக்குத் தேவாலயத்து வெள்ளியையும் பொன்னையும் அனுப்பி உதவி கேட்டதை ராஜாக்களின் இரண்டாம் புத்தகம் பதினாறாம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தேவனோடு பேச்சை முடித்துக்கொள்வதற்கு அவனுக்குப் பக்தி வாக்கியம் தேவைப்பட்டது. இத்தனை ஆண்டு வாசிப்பில், ஆமுக்கு எதிரிடையாக எனக்குத் தெரிவது ஆகாஸின் இந்தக் 'கேட்கமாட்டேன்'தான். நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கோபத்தோடு கேட்கிறீர்கள், சரி. இன்னும் அவரிடம்தான் கேட்கிறீர்கள்.

ஆகாஸின் மகன் எசேக்கியா. அவன் மரணத்துக்கு ஏதுவாக வியாதிப்பட்டபோது சுவர்ப்புறமாகத் திரும்பிக்கொண்டு மிகவும் அழுது ஜெபித்தான். குணமாவாய் என்ற வார்த்தை வந்ததும், "அதற்கு அடையாளம் என்ன?" என்று கேட்டான். அடையாளம் கிடைத்தது, கடிந்துகொள்ளப்படவில்லை. அதே இடத்தில் ஏசாயா ஓர் அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி அவனுடைய கட்டியின்மேல் பற்றுப் போடச் சொல்கிறார். வாக்குறுதியும் மருந்தும் ஒரே தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வருகின்றன. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்குப் பயமூட்டியது: 'விசுவாசம் இருந்தால் கீமோவே வேண்டாம் என்றும் ஒருவர் சொன்னார்.' அதைக் காதில் வாங்காதீர்கள். சிகிச்சையைப் பற்றிய எல்லாக் கேள்விகளையும் அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள்.

விசுவாசம், நம்பிக்கை என்ற இரண்டு சொற்களும் இந்தக் குழப்பத்துக்குப் பாதி காரணம். பழைய திருப்புதலில், கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் வரும் மூன்று 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு'. கத்தோலிக்கர் கையிலிருக்கும் பொது மொழிபெயர்ப்பில் அவையே 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. ஒரு சபையில் நம்பிக்கை என்றால் வருங்காலத்தை நோக்குவது. பக்கத்துத் தெரு ஆலயத்தில் அதே சொல் விசுவாசத்தையே குறிக்கிறது. 'நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?' என்று ஒருவர் கேட்கும்போது, தேவன் இருக்கிறார் என்பதில் சந்தேகமா என்கிறாரா, மனைவி பிழைப்பார் என்று நினைக்கவில்லையா என்கிறாரா என்பதே தெரியாமல் போகிறது. திருச்சபைத் தந்தையான அகுஸ்தீன் மூன்றைப் பிரித்தார்: தேவன் உண்டு என்று நம்புவது, தேவன் சொல்வதை நம்புவது, நம்மையே தேவனிடம் ஒப்படைத்து அவரை நோக்கிப் போவது. முதலாவது பிசாசுகளுக்கும் உண்டு என்று யாக்கோபு எழுதுகிறார். மரியாளிடம் இருந்தது மூன்றாவது. அது ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை. 'விசுவாசம்' என்ற வடசொல்லின் வேர் மூச்சுவிடுதலைக் குறிக்கிறது. அச்சமின்றி மூச்சுவிட முடிகிற நிலையிலிருந்துதான் அதற்கு நம்புதல் என்ற பொருள் வந்தது. மூச்சு முட்டுகிறவரைப் பார்த்து 'நன்றாக மூச்சுவிடு' என்று அதட்டி என்ன பயன்? பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுக்கலாம்.

மரியாளின் ஆம் என்பதும் அன்றோடு முடியவில்லை. சம்மதம் சொன்னவுடன் 'தேவதூதன் அவளிடத்திலிருந்து போய்விட்டான்' என்று லூக்கா எழுதுகிறார். சுவிசேஷம் முழுவதிலும் அவளிடம் மறுபடி ஒரு தூதன் வந்ததாக அவர் எழுதவில்லை. அவள் செய்த முதல் காரியம், யூதேயாவின் மலைநாட்டுக்குத் தீவிரமாய்ப் போய், தன்னைப் போலவே எதிர்பாராமல் கருவுற்ற இன்னொரு பெண்ணோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியது. பிறகு மேய்ப்பர்கள் சொன்னதை மனத்தில் வைத்துச் சிந்தித்தாள். உன் ஆத்துமாவை ஒரு பட்டயம் உருவிப்போகும் என்று சிமியோன் சொன்னதைக் கேட்டாள். பன்னிரண்டு வயது மகன் தேவாலயத்தில் சொன்ன பதிலை அவளும் யோசேப்பும் உணர்ந்துகொள்ளவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். யோசேப்புக்கோ சுவிசேஷங்களில் ஒரு வாக்கியம்கூட இல்லை. மனைவியை இரகசியமாகத் தள்ளிவிட நினைத்தவர், நித்திரை தெளிந்து எழுந்து, அவளைச் சேர்த்துக்கொண்டார். அவருடைய ஆம் அவ்வளவுதான். வாயால் ஆம் என்று உங்களுக்கு வராத நாட்களில் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்; மருத்துவமனை வரிசையில் கோப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், வாந்தி எடுக்கும்போது பிடித்துக்கொள்கிறீர்கள், மகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்புகிறீர்கள். நீங்கள் எழுதிய இவை எல்லாவற்றையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

இதற்குமேல் என்னால் போக முடியாத ஓர் இடம் இருக்கிறது. உங்கள் மனைவி குணமடைவாரா என்பதற்கு லூக்கா முதல் அதிகாரத்திலிருந்து எந்த உறுதியும் எடுத்துத் தர முடியாது. எசேக்கியாவுக்குப் பதினைந்து ஆண்டு கூட்டிக் கொடுக்கப்பட்டது. மரியாளோ மகனின் சிலுவையருகே நின்றாள். இரண்டும் ஒரே வேதத்தில் இருக்கின்றன. உறுதி தருவதாகச் சொல்கிறவர்கள் வசனத்தில் இல்லாததைச் சேர்த்துச் சொல்கிறார்கள். நாசரேத்தில் நடந்த அந்த உரையாடலுக்குச் சாட்சியாக வேறு யாரும் இருந்ததாக எழுதப்படவில்லை. வரலாற்று ஆய்வாளர்களால் அதைச் சோதித்துப் பார்க்கவும் முடியாது. நான் அதை விசுவாசிக்கிறேன். அந்த விசுவாசத்தின் பலத்தில்தான் உங்களுக்கு இவ்வளவையும் எழுதுகிறேன்.

கடைசியாக, சகரியாவிடம் திரும்பி வருகிறேன், அவரை வைத்துத்தானே உங்களைப் பயமுறுத்தினார்கள். ஊமையான பிறகு அவர் ஒதுக்கப்படவில்லை. ஊழிய நாட்கள் முடியும்வரை தேவாலயத்தில் இருந்தார், வீடு திரும்பினார், எலிசபெத்து கருவுற்றாள். அவருடைய சந்தேகம் வாக்குறுதியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாளில் உறவினர்கள் அவருக்குச் சைகை காட்டிக் கேட்கிறார்கள். காதும் கேட்கவில்லை போலும். எழுத்துப்பலகையை வாங்கி, 'இவன் பேர் யோவான்' என்று எழுதுகிறார். தூதன் சொன்ன அதே பெயர். ஒன்பது மாத மௌனத்துக்குப் பிறகு வந்த அவருடைய ஆம் அது. உடனே நாவு கட்டவிழ்ந்து அவர் பாடிய பாடலைத்தான் டிசம்பர் 24 காலைத் திருப்பலியில் நற்செய்தியாக வாசிக்கிறோம். அந்தகாரத்திலும் மரண இருளிலும் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வெளிச்சம் தர உன்னதத்திலிருந்து ஓர் அருணோதயம் சந்திக்கிறது என்று அதில் வருகிறது. கீமோ 23ஆம் தேதி என்று எழுதியிருந்தீர்கள். மறுநாள் காலை உங்கள் மனைவிக்கு எழுந்து உட்கார முடிந்தால், அவரும் விரும்பினால், லூக்கா 1:67 முதல் 79 வரை இருவரும் சேர்ந்து மெதுவாகப் படியுங்கள். முடியாவிட்டால் அவர் தூங்கட்டும். நீங்கள் மட்டும் பக்கத்தில் இருந்து படியுங்கள்.